தரையில் கிடந்த மீனும் திறந்திருந்த குழாயும்

மேடையில் வீற்றிருக்கும் டீன் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சாந்தோவின் மனைவி மனாங் நெனித்தா அவர்களே, அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் மீன் அறைத் தோழர்களே, வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் நம் இலோயிலோ வளாகத்தின் ஆராய்ச்சிக்கான வரிக்குதிரை மீன்களை வளர்த்துப் பெருக்கியவர், நாம் எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் 'மனோங்' என்றழைத்த மனோங் சாந்தோ. ஆயிரத்து இருநூறு தொட்டிகள்! ஞாயிறு உண்டா அவருக்கு? புயல் விடுமுறை உண்டா? ஊரே வெள்ளத்தில் கிடந்தபோது இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துவந்து தீனி போட்டுவிட்டு, "மீனைவிட நான்தான் மேம் அதிகமா நனைஞ்சிருக்கேன்" என்று சிரித்தவர்.

நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது, ஒரு காலை, துள்ளி விழுந்த மீன் ஒன்று தரையில் துடித்துக்கொண்டிருந்தது. அப்படி விழுந்ததை எந்தத் தொட்டியிலும் விடக் கூடாது என்பது எங்கள் சட்டம். எந்த வம்சத்து மீன் என்று யாருக்குத் தெரியும்? மனம் கேட்காமல் அவர் அதை என் தொட்டி ஒன்றில் விட்டுவிட்டார். யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே என் மேசைக்கு வந்தார்.

"தப்பு என்னோடது மேம். அந்தத் தொட்டி முட்டைய இனிமே நம்பாதீங்க."

எட்டு மாத வேலை போயிற்று. வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் என் ஆய்வில் பொய் சேராமல் காத்தவர் அவர்தானே?

நண்பர்களே, நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரே பகலில் முந்நூறு தொட்டி மீன்கள் செத்து மிதந்தன. குளோரின் நீக்காத குழாய்த் தண்ணீர் உள்ளே போயிருந்தது. விசாரணை அறிக்கை மனோங் சாந்தோமேல் பழி போட்டது; அவருடைய பொறுப்பாளர் பதவியைப் பறித்தார்கள். போன வாரம் கண்மூடும் வரை அவர் தொட்டி கழுவுபவராகவே இருந்தார்.

அந்தக் குழாயைத் திறந்தது நான்.

தண்ணீர் நிரம்ப நேரமாகிறதே என்று, குளோரின் வடிகட்டி வழியாகப் போகாமல் வரும் நேர்க்குழாயைத் திறந்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனவள், மறந்துவிட்டேன். அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வரவிருந்தது. பயந்து வாயை மூடிக்கொண்டேன். ஒரே ஒரு முறை கேட்டார்: "மேம், அன்னிக்கு நேர்க்குழாயை யாராச்சும் தொட்டாங்களா?" தெரியாது என்றேன். "சரி மேம்" என்றார். மறுபடி கேட்கவே இல்லை.

மனாங் நெனித்தா, உங்கள் கணவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் தகுதி எனக்கில்லை. டீன் அவர்களே, இதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு உங்கள் முன்னால் வைத்திருக்கிறேன். அந்த விசாரணை அறிக்கையைத் திருத்துங்கள்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லத்தான் என்னை அழைத்தீர்கள். அவர் பாதியில் விட்டுப்போன வரிசையில் இன்னும் நாற்பது தொட்டிகள் பாசி பிடித்துக் கிடக்கின்றன. நாளைக் காலை நான் அவற்றைக் கழுவுவேன்.