அடிபட்ட தோற்றம்

உங்கள் சட்டையும் பேண்ட்டும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்கிற வேலைக்கு அது தாராளமாகப் போதும். நான் ஒரு பெரிய துணிக்கடையின் கண்ணாடி ஜன்னலில் பொம்மைகளுக்கு உடை மாட்டுகிறவன், அதனால் கண் தானாக அங்கே போய்விடுகிறது. ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். பொம்மைக்கு அந்த முதல் பாதி கிடையாது, எல்லாவற்றையும் ஆடையே பார்த்துக்கொள்ள வேண்டும். பல வருடம் இதைச் செய்தவனுக்கு மனிதர்களையும் அப்படியே பார்க்கிற பழக்கம் வந்துவிடும்.

என் மச்சினன் மேல் எனக்கு ஏதாவது கோபமா என்று கேட்டீர்கள். இல்லை. என் மனைவிக்கு ஒரே தம்பி. வீட்டில் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. மேட்டின் உச்சியில் இருக்கிற எங்கள் அடுக்ககத்தில், எங்கள் வீட்டில்தான், சமையலறையை ஒட்டிய அறையில் இருந்தான். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பான். நான் டிவி பார்த்தால் சத்தமில்லாமல் போனில் பேசுவான். இப்படி ஒருவன் மேல் யாருக்காவது கோபம் வருமா?

விஷயம் எங்கே ஆரம்பித்தது என்றால், எங்கள் கடைக்கு எதிரே பாலத்துக்கு அடியில் ஒரு பெண் கேமராவோடு நிற்பாள். தெருவில் போகிறவர்களில் நன்றாக உடுத்தியவர்களை நிறுத்திப் படம் எடுத்து இணையத்தில் போடுவாள். உடையில் அக்கறை உள்ள எல்லோரும் அவள் பக்கத்தைப் பார்ப்பார்கள். நான் தினமும் அவள் முன்னால் நடந்து போவேன். ஓநாய் படம் போட்ட பிராண்டின் ஜாக்கெட், முள்வேலி போட்ட பிராண்டின் பேண்ட், கறுப்பு நாக்கு போட்ட பிராண்டின் ஷூ. தலை முதல் கால் வரை ஒரே பிராண்டைப் போடுகிறவன் நடக்கிற விளம்பரப் பலகை. ஒட்டாத மூன்றை ஒட்ட வைப்பதில்தான் ரசனை இருக்கிறது. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் அவள் என்னை ஒருமுறைகூட நிறுத்தவில்லை. வெட்கத்தை விட்டு ஒரு நாள் நானே போய்க் கேட்டேன்.

“கலந்து போட்டிருக்கறது எல்லாம் சரிதான் சார்” என்றாள். “ஆனா எல்லாமே புத்தம் புதுசா இருக்கு. தெருவுல அடிபட்ட மாதிரி ஏதாவது ஒண்ணு வேணும். இப்போ உங்க ஜன்னல்ல இருக்கற பொம்மை எறங்கி வந்த மாதிரி இருக்கீங்க.”

நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதே வாரம் அவள் பக்கத்தில் சின்னவன் படம் வந்தது. யாரோ வேண்டாம் என்று கொடுத்த ஹூடி, நடைபாதையில் வாங்கிய பேண்ட், நாடா அறுந்ததால் கிடைத்த கயிற்றைக் கட்டிய ஷூ. ‘இதைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்’ என்று கீழே எழுதியிருந்தாள். என் மனைவி அதை ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். எனக்கும் அனுப்பினாள், நான் பக்கத்துச் சோபாவில்தான் இருந்தேன். சின்னவன் கூச்சத்தில் நெளிந்து, “அந்தப் பொண்ணு ஏதோ தெரியாம எடுத்துடுச்சு அத்தான். டிரெஸ்னா நீங்கதான்” என்றான். வயிறு எரிந்ததா என்று கேட்டால், எரிந்தது. அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

முதலில் நியாயமான வழிகளைத்தான் முயன்றேன். ஜாக்கெட்டின் முழங்கையை உப்புத்தாளால் தேய்த்தேன். பேண்ட்டைத் தேநீரில் ஊறவைத்தேன். மனைவி இல்லாதபோது காய் துருவியை எடுத்து முட்டியில் ஓட்டினேன், அன்று பொரியலில் நூல் வந்தது என்று சத்தம் போட்டாள். கேமராப் பெண் தூரத்திலிருந்தே உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் ஜாக்கெட்டைப் பால்கனியிலிருந்து கீழே எறிந்து பார்த்தேன். அது காற்றில் மிதந்து போய் அழகாகப் பூந்தொட்டி மேல் உட்கார்ந்தது. ஆள் இல்லாமல் ஜாக்கெட் விழுவது வேறு, ஆளோடு விழுவது வேறு என்று அப்போதுதான் புரிந்தது. கீழே போய் எடுத்து வந்தேன்.

புதிதாக அதே மூன்றையும் இன்னொரு செட் வாங்கி, சின்னவனிடம் கொடுத்தேன். அளவு எனக்கும் அவனுக்கும் ஒன்றுதான். “போட்டுக்கிட்டு வேலைக்குப் போ. கொஞ்ச நாள் ஓட்டு, பழகினதும் என்கிட்ட குடு” என்றேன். கடைசி வாக்கியத்தை அவன் காதில் வாங்கவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி என்னை அப்படிப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

நான் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று இருந்தது. அக்கா, தம்பி இரண்டு பேரும் ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று வளர்ந்தவர்கள். உலகத்தில் என் ரசனைக்கு ஒரு பழமொழி எதிரி என்றால் அது அதுதான். கந்தையையே கசக்கிக் கட்டுகிறவன் ஓநாய் ஜாக்கெட்டை என்ன செய்வான் என்று நினைக்கிறீர்கள்? ஹேங்கரில் மாட்டி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டான். மழை தூறினால் கழற்றிப் பார்சல் பைக்குள் வைத்துவிட்டுத் தான் நனைந்தான். ஷூவை டூத் பிரஷ்ஷால் தேய்த்தான். மாதம் முடிந்தபோது என்னுடையதைவிட அவனுடையது புதிதாக இருந்தது. நான் வாய்விட்டே சொன்னேன், “கொஞ்சம் முரட்டுத்தனமா போடேன்டா.” அவன் சிரித்து, “நீங்க வாங்கிக் குடுத்தது அத்தான். எப்படி மனசு வரும்” என்றான்.

அதனால்தான் மாடிப்படியில் பாத்திரம் துலக்குகிற சோப்பை ஊற்ற வேண்டி வந்தது. நான்தான் ஊற்றினேன். அவன் வழுக்கி விழுந்ததில் பேண்ட்டின் முட்டி நல்ல இடத்தில் கிழிந்தது, கிழிசலின் ஓரத்தில் நூல் தொங்கிய விதம் எந்தத் தொழிற்சாலையிலும் வராது. மறுநாள் பார்த்தால் என் மனைவி அதே நிற நூல் தேடிப் பிடித்து, தையல் இருக்கிற இடமே தெரியாமல் தைத்து வைத்திருந்தாள். பிறகு சரிவுச் சாலை திரும்புகிற இடத்தில் மணல் தூவினேன். முழங்கை. ரத்தக்கறையும் கிடைத்தது, அது போனஸ். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் ரத்தம் போய்விடும் என்று அவளுக்கு எந்தப் புண்ணியவான் சொன்னானோ, மாலைக்குள் கறையைக் காணோம். சின்னவன் கையில் கட்டோடு உட்கார்ந்து ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “தப்பிச்சுது” என்றான். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. ஒரு மனிதன் எத்தனை முறைதான் முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

ஹெல்மெட் பற்றிக் கேட்டீர்கள். அந்த உடைக்கு ஹெல்மெட் பொருந்தவில்லை, மொத்த அமைப்பையும் கெடுக்கிறது என்று நான் சொன்னது உண்மை. அது ரசனை பற்றிய கருத்து. அவன் என் கருத்தை மதிக்கிறவன், கழற்றிவிட்டான். அதைக் குற்றத்தில் சேர்ப்பது சரியல்ல என்று நினைக்கிறேன்.

பிரேக் கட்டைகளைக் கழற்றியது நான். முன்னே, பின்னே இரண்டும். அவன் குளித்துக்கொண்டிருந்தபோது. என் யோசனை எளிமையானது. சரிவில் வேகம் பிடித்ததும் பிரேக் பிடிக்காது என்று அவனுக்குத் தெரிந்துவிடும். புத்தியுள்ளவன் சைக்கிளை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து விழுவான். முதுகு தரையில் தேய்ந்துகொண்டே கொஞ்ச தூரம் போகும். முதுகில் இருக்கிற ஓநாய்க்கு அது தேவையாக இருந்தது. அவனுக்கு என்ன ஆகியிருக்கும்? சிராய்ப்பு. தோல் திரும்ப வளரும், துணி வளராது. இரண்டில் யாருக்கு அதிக நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அவன் சாயவில்லை. சரிவின் அடியில் கடை வைத்திருக்கிற சாவி செய்கிறவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். உங்களிடமும் சொல்லியிருப்பார். என்னிடம் ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

“விழுந்துருந்தா பொழச்சிருப்பான் சார். கீழ விழுந்துடு, விழுந்துடுன்னு நான் கத்தறேன். அவன் ஒரு கையால ஜாக்கெட்ட நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு நிமிந்தே போறான். நேரா சுவத்துல.”

ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டான். தரையில் படாமல் பார்த்துக்கொண்டான். இதை நான் எப்படி முன்கூட்டி யோசித்திருக்க முடியும்?

ஆஸ்பத்திரியில் அவன் உடைகளை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தேன். முதுகில் ஒரு கீறல் இல்லை, ஓநாய் பளிச்சென்று இருந்தது. மனம் வெறுத்துப் போய் மடிக்கப் போனபோதுதான் அந்த வெட்டை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். சிகிச்சைக்காக அவசரத்தில் ஜாக்கெட்டைக் கத்தரியால் வெட்டியிருக்கிறார்கள். வலது மணிக்கட்டில் ஆரம்பித்து, தோள் வழியாக, கழுத்து வரை. தையலைப் பற்றிய கவலையே இல்லாத ஒரு வெட்டு. உடையைப் பற்றி யோசிக்கிறவன் கையால் அப்படி வெட்டவே முடியாது. நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெட்டின் நெடுக ஊக்குகளைக் குத்தினேன். ஜிப்பைப் பிடித்து இழுக்கிற நுனி உடைந்திருந்தது. நான் கழற்றி வைத்திருந்த பிரேக் கட்டை ஒன்றில் துளை போட்டு அங்கே கோத்தேன், நன்றாகவே பொருந்தியது. என் பழைய முள்வேலி பேண்ட், கறுப்பு நாக்கு ஷூ. கண்ணாடியில் நின்றவனைப் பார்த்தபோது, முதல்முறையாக அவன் எந்த ஜன்னலிலிருந்தும் இறங்கி வந்தவனாக இல்லை.

பாலத்துக்கு அடியில் அவளே ஓடிவந்து நிறுத்தினாள். “சார், இந்த வெட்டு எங்க பண்ணீங்க?” என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். ஜிப்பில் தொங்கியதைத் தனியாக, பக்கத்தில் வந்து ஒரு படம் எடுத்தாள்.

அந்தப் படத்தைத்தான் என் மனைவி, தம்பி உடம்பை வாங்குவதற்காகக் காத்திருந்த இடத்தில் போனில் பார்த்திருக்கிறாள். உடைந்த சைக்கிளில் பிரேக் கட்டை இல்லை என்று உங்கள் ஆட்கள் அவளிடம் அப்போதுதான் சொல்லியிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் அவள் கத்தவில்லை. போனை நீட்டி, “நெஞ்சுல என்னங்க தொங்குது?” என்று கேட்டாள். படத்துக்குக் கீழே கேமராப் பெண் பாராட்டி எழுதியிருந்ததை அவள் படிக்கவே இல்லை. அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். நான்தான் செய்தேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் என் மனைவி என்னை இரக்கமில்லாதவன் என்று சொல்லியிருப்பாள்.

சுவரில் மோதிய அன்று மாலை சின்னவனுக்குக் கொஞ்ச நேரம் நினைவு வந்தது. அவள் டாக்டரைத் தேடி வெளியே போயிருந்தாள், நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். அவன் வாயருகே குனிந்தேன்.

“அத்தான், ஜாக்கெட்ட வெட்டிட்டாங்க. ஜிப்பத் தெறந்து கழட்டித் தரேன்னு சொன்னேன், கேக்கல. ரொம்ப ஜாக்கிரதையாத்தான் வச்சிருந்தேன். மன்னிச்சிடுங்க.”

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் இரண்டு வார்த்தை கடிந்து பேசியிருப்பார்கள். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். அவன் முகம் தெளிந்துவிட்டது. அப்படியே கண்ணை மூடினான், பிறகு திறக்கவில்லை. அவன் நிம்மதியாகப் போனான் என்றால், அதற்கு நான்தான் காரணம்.