காய்ச்சல் இல்லாத வார்டு

நோயாளிக்கு ஐஸ் கொடுப்பது ஒன்றும் குற்றமில்லை, ஐயா. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் தண்ணீரை அளந்துதான் தர முடியும். நாக்கு வறண்டு தவித்துப்போவார்கள். ஒரு சின்னத் துண்டை வாயில் போட்டால் அரைமணி நேரத்தை ஓட்டிவிடுவார்கள். பத்தொன்பது வருடமாக அந்த வார்டின் தலைமை நர்ஸ் நான். என் கையால் ஐஸ் வாங்காத ஆள் அங்கே கிடையாது.

முதலில், எங்களிடம் டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த ஒரு தையல்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை ராட்சசி என்று முடிவுகட்டிவிடுவீர்கள். காய்ச்சல் நூறைத் தாண்டினால் மெஷினில் போடக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அவரை விதிப்படி அனுப்பினேன். அங்கே இரண்டு நாள் வராந்தாவிலேயே கிடந்தார். நுரையீரலில் தண்ணீர் ஏறி, மூச்சு முட்டிச் செத்தார். வந்திருந்தது வெறும் சளிக்காய்ச்சல். அந்த விதியை யாராவது கூப்பிட்டு இப்படி உட்காரவைத்து விசாரித்தீர்களா?

அதற்குப் பிறகுதான் என் வழக்கத்தை மாற்றினேன். ஐஸ் முதலில், தெர்மாமீட்டர் பிறகு. ஐஸ் சப்பிய வாயில் வைத்தால் நூற்றிரண்டும் தொண்ணூற்றெட்டாக இறங்கிவிடும். அது காட்டியதைத்தான் எழுதினேன். தாளில் ஓர் எண்கூடப் பொய்யில்லை, எடுத்துப் பாருங்கள். அன்றிலிருந்து என் வார்டில் ஒருவருக்கும் டயாலிசிஸ் தவறியதில்லை.

இனி ரேடியோ. பஸ் ஓட்டியவர். மெஷினில் படுத்திருக்கும் நாலு மணி நேரமும் வாய் ஓயாது. அதனால் அந்தப் பெயர். ஒரு திங்கட்கிழமை காலை அவர் பேச்சு குழம்பியது. பக்கத்துக் கட்டில்காரரைக் கண்டக்டர் என்று நினைத்து, விசில் கொடுக்கச் சொல்லி அதட்டினார். "ரேடியோ இன்னைக்கு வேற ஸ்டேஷன் பிடிக்குது" என்று யாரோ சொல்ல, வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"சிஸ்டர், காலைல என்னையே யாருன்னு கேட்டாரு. உடம்பு கொதிக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். ஐஸ் கொடுத்தேன். பிறகு அளந்தேன்.

"தொண்ணூத்தெட்டுதாம்மா. ரத்தத்துல கழிவு ஏறினா இப்படித்தான் உளறுவாங்க. மெஷின்ல போட்டா தெளிஞ்சிடும். சும்மா பயப்படாதீங்க."

அந்த அம்மா என்னை நம்பினாள். சுற்றி வந்த டாக்டர் என் தாளை நம்பினார். காய்ச்சல் இல்லாததால் அவரும் கழிவுதான் என்றார். புதன்கிழமையும் அப்படியே. வெள்ளிக்கிழமை ரேடியோ பேசவே இல்லை. வார்டு அமைதியாக இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் கோபிப்பீர்கள்.

சனிக்கிழமை வீட்டில் வலிப்பு வந்தது. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்து, மூளையில் வைரஸ் தொற்று என்றார்கள். சிறுநீரகம் போனவர்களுக்கு நோயைத் தாங்கும் சக்தி குறைவு. திங்கட்கிழமையே மருந்து ஏற்றியிருந்தால் மனிதர் பெரும்பாலும் பிழைத்து நடமாடியிருப்பார் என்று நிபுணர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்போது அந்த அம்மா கரண்டியால் ஊட்டுகிறாள். யார் ஊட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறார். ஒரு டயாலிசிஸ்கூடத் தவறவில்லை. அதை ஏன் உங்கள் அறிக்கையில் எழுதவில்லை?

தெரிந்தே செய்தாயா என்கிறீர்கள். நான் நர்ஸ். நெற்றியைத் தொட்டால் சூடு தெரியும். உள்ளே வைரஸ் இருப்பது தெரியுமா? என்னை அறிவுகெட்டவள் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். கொடுமைக்காரி என்று சொல்ல விடமாட்டேன்.

இந்தத் தாளை எங்கிருந்து எடுத்தீர்கள்? ரேடியோவுக்கு மூன்று மாதம் முந்தைய தாள், தையல்காரர் செத்ததற்குப் பிந்தையது. ஆமாம், என் கையெழுத்துதான். நாலாம் நம்பர் மெஷின். 'காய்ச்சல் 102. பேச்சில் குழப்பம். மூளைத்தொற்றாக இருக்கலாம். உடனே அனுப்பவும்.' நானே ஆம்புலன்ஸில் கூடப் போனேன். வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். கத்தி ஊரைக் கூட்டினேன். ஒரு மணி நேரத்தில் மருந்து ஏறியது. டயாலிசிஸையும் அங்கேயே செய்யவைத்தேன். இன்று அவன் தன் காலால் நடந்து கடைக்குப் போய்வருகிறான், எடுத்ததற்கெல்லாம் என்னோடு சண்டை பிடிக்கிறான்.

இதில் முறைத்துப் பார்க்க என்ன இருக்கிறது? அவன் என் அண்ணன், ஐயா. அவனுக்கு நூற்றிரண்டு என்று எழுதாமல் வேறென்ன எழுதுவேன்?