சூடு ஆறட்டும் என்ற சார்ஜர் அக்காவுக்கு

அச்சம் என்னும் சொல்லின் பொருள் அறியாத எண்மர் இப்பூவுலகில் உண்டெனில், அவ்வெண்மரும் இந்தக் கதவுப் பட்டறையில்தான் பணிபுரிகிறோம். இது தற்புகழ்ச்சி அன்று, தகவல். ஓடுகிற ரம்பத்தின் ஓரத்தில் நின்று ஊர்வம்பு பேசியவர்கள் நாங்கள். ஏணியின் உச்சிப்படியில் ஒற்றைக் காலூன்றி, மறுகாலால் கதவைத் தாங்கி, திருகாணியைப் பல்லில் கடித்தபடியே தொலைபேசியில் இல்லாளுக்குச் சமாதானம் சொன்னவர்கள் நாங்கள். அத்தகு வீரர் குழாத்தின் நடுவே, இருபத்து மூன்று ஆண்டுகள், ஒளிவுமறைவின்றி, வேலை நேரத்திலேயே பயந்துகொண்டிருந்த ஒரே ஒருவர் தாங்கள்.

ஆதலால்,

பேட்டரிகள் கண்ணயரும் பச்சொளி மாடத்தின் பாதுகாவலரே! சூடேறி வந்தவற்றைச் சுடுசொல் சொல்லாமல் சாந்தப்படுத்திய சான்றோரே! ஒன்றின் சார்ஜரில் மற்றொன்றை ஒருபொழுதும் ஒண்டவிடாத ஒழுக்கச் செம்மலே! கருவி அறையின் கண்ணே, கதவுப் பட்டறையின் கவசமே, எங்கள் சார்ஜர் அக்காவே! வணக்கம்.

பேட்டரியை மின்கலம் என்று எழுதுவதே மடலுக்கு அழகு என அறிவோம். ஆனால் அப்பெயர் சொல்லி அழைத்தபோது நம் பேட்டரிகளில் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆகவே விட்டுவிட்டோம்.

பணி ஓய்வு பெறுவோரைப் பாராட்டுவதற்கே பாராட்டு மடல். எனினும் இம்மடலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தங்கள் பணிக்கோப்பின் பதினான்காம் தாளில் உண்மையல்லாத ஒரு வரி இரண்டாண்டுகளாகக் கிடந்தது. பொன்னாடை போர்த்தி, பூமாலை சூட்டி, அந்த வரியையும் கூடவே கட்டிக்கொடுத்துத் தங்களை வீட்டுக்கு அனுப்புவதா என்ற கேள்வி, ஒரு மாதமாக எங்கள் தொண்டையில் முள்ளாக நின்றது. முள் எடுக்கப்பட்டுவிட்டது. எடுத்த விதத்தை உரிய இடத்தில் சொல்வோம். அதற்குமுன் புகழ வேண்டியதைப் புகழ்ந்து முடிக்கிறோம், பொறுத்தருள்க.

பணியில் சேரும் நாளில் எல்லோரும் விடுமுறை எத்தனை என்று கேட்பார்கள். தாங்கள் கேட்டது, பின்கட்டில் பாழாய்க் கிடந்த கைகழுவும் அறையை. அதுவரை நம் கைக்கருவிகளின் பேட்டரிகளுக்கான சார்ஜர்கள் பட்டறை மேசைக்கடியில், முழங்கால் ஆழ மரத்தூளில், கோழி அடைகாப்பதுபோல் அமர்ந்திருந்தன. அந்த அறைக்குத் தரையிலிருந்து கூரைவரை டைல்ஸ். எரிவதற்கு அதில் ஒன்றுமில்லை என்றீர்கள். குழாயைக் கழற்றி நீர்வரத்தை அடைக்கச் செய்தீர்கள். சன்னலைத் திறந்துவைத்தீர்கள். சார்ஜர்களுக்கான மின்சுவிட்சைக் கதவுக்கு வெளியே, நடைபாதைச் சுவரில் பொருத்தச் சொன்னீர்கள். உள்ளே இருப்பதற்கு வெளியே சுவிட்சா என்று அன்று சிரித்த எங்களுக்கு, சிரிப்பு நிற்கப் பல ஆண்டுகள் ஆயின.

மாலை நான்கு மணிக்கு அந்த அறையை எட்டிப் பார்த்தவர்க்கே தெரியும் அதன் மாயம். ரம்பக்கூடத்தின் இரைச்சல் நடைபாதையின் பாதியிலேயே களைத்துப்போய் அமர்ந்துவிடும். சன்னல் வழியே சாய்ந்த வெயில் வெள்ளை டைல்ஸில் பட்டுப் பால்போல் வழியும். சார்ஜருக்குச் சார்ஜர் ஒரு முழம் இடைவெளி விட்டு, மேலே துணியோ தாளோ தொப்பியோ இல்லாமல், வரிசையாக அவை இருக்கும். சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும். ஏதோ ஊரில் ஒவ்வொரு வீடாகத் தூங்கப் போவதுபோல் இருக்கும். பச்சையானதைத் தாங்கள் எடுத்து, அதன் உலோக வாயில் மூடியிட்டு, அலமாரியில் கிடத்துவீர்கள். திட்டும் நோக்கத்தோடு வந்தவர்கூட அவ்வறை வாசலில் குரல் தாழ்த்திப் பேசினார். நாங்கள் கனவில் நடப்பவர்கள்போல் உள்ளே வந்து, கேட்டதை வாங்கிக்கொண்டு, எதற்கு இத்தனை மெதுவாக நடந்தோம் என்று புரியாமலே வெளியேறியிருக்கிறோம்.

தங்கள் பொறுமைக்குச் சான்றுகள் ஆயிரம். முதலாளி தமது கம்பளிக் கோட்டைச் சார்ஜர்மேல் போட்டுவிட்டுப் போனபோது, அதை எடுத்துச்சென்று, அவர் அறையில், அவர் தோளிலேயே போர்த்திவிட்டுத் திரும்பியவர் தாங்கள். நம் வார்னிஷ் மாமா, மாற்றுப் பேட்டரியையும் ஒரு பிடித் திருகாணியையும் ஒரே கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்த நாளும் நினைவிருக்கும். தொடையில் இளஞ்சூடு பரவுவதை உணர்ந்த அவர், வீட்டில் மாமி தம்மை நினைக்கிறாள் என்று கண்மூடி மகிழ்ந்து நின்றார். பையில் கைவிட்டு இரண்டையும் பிரித்தவர் தாங்கள். "மாமி நினைச்சா விக்கல்தான் வரும் மாமா, கால்சட்டை வேகாது" என்று தாங்கள் சொன்னது இன்றும் வார்னிஷ் அறையில் வழங்கும் பொன்மொழி.

ரம்பத்துக்குப் பிளேடு மாற்றுமுன், டிரில்லுக்கு முனை மாற்றுமுன், முதலில் பேட்டரியைக் கழற்று என்பது தங்கள் முதல் விதி. கீழே விழுந்த பேட்டரி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே என்ன உடைந்தது என்று யாருக்கும் தெரியாது என்பது இரண்டாவது. விழுந்தது எதுவாயினும், தங்கள் மகளின் நகப்பூச்சால் அதற்குச் சிவப்புப் பொட்டு ஒன்று வைத்து, பின்வாசலுக்கு வெளியே மணல் பெட்டியில் கிடத்துவீர்கள்; பழைய பேட்டரி சேகரிக்கும் வண்டி வரும்வரை அது அங்கேதான். மூன்றாவது விதிதான் எங்களை வதைத்தது. வேலை செய்து சூடாக வந்த பேட்டரியை உடனே சார்ஜில் போடமாட்டீர்கள். சன்னலோர டைல்ஸ் திட்டில் அதைப் படுக்கவைத்து, காய்ச்சல் கண்ட பிள்ளையின் கழுத்தில் வைப்பதுபோல் அவ்வப்போது புறங்கை வைத்துப் பார்ப்பீர்கள். சூடு ஆறினால்தான் சார்ஜர்.

இவ்விதியை எதிர்த்தவருள் தலையாயவர், எங்களுள் எட்டாமவர், கதவு மாட்டுவதில் காற்றினும் கடியவர், ராக்கெட் அண்ணன். ஒருநாள் அவர் திட்டின்முன் நின்று கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

"பால் ஆறட்டும்னு உக்காந்திருக்க நான் என்ன பூனையாக்கா?"

தாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பூனைக்குத் தெரியுது. உனக்குத் தெரியலையே."

அன்று முதல், தாங்கள் புறங்கை வைக்கும்போதெல்லாம் அவர் வாசலில் நின்று "நாடி எப்படி இருக்கு, பொழைக்குமா" என்று விசாரிப்பார். தங்களைப்போலவே கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, மரக்கட்டைக்கும் கதவுக் கைப்பிடிக்கும் காய்ச்சல் பார்த்துக் காட்டுவார். நடிப்பு அருமையாக இருந்தது என்பதை நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம். நாங்கள் கைதட்டினோம் என்பதையும்.

இனி அந்தப் பதினான்காம் தாள்.

இரண்டாண்டுகளுக்கு முன், புதிய நூலகத்துக்கு நாற்பத்திரண்டு கதவுகள். மறுநாள் காலை திறப்பு. ராக்கெட் அண்ணனுக்கு ஒரு பேட்டரி குறைந்தது. குறைந்தது எங்கே போயிற்று என்றால், முந்தின நாள் நூலக மாடிப்படியில் அவர் கையிலிருந்தே விழுந்து, தங்கள் கையால் பொட்டு வாங்கி, மணலில் கிடந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். அதை எடுத்தார். வார்னிஷ் அறையில் கந்தல் துணியில், வார்னிஷைக் கரைக்கும் தின்னர் தொட்டுப் பொட்டைத் துடைத்தார். சார்ஜில் சொருகிவிட்டு, கை கழுவி வந்து, எங்களோடு அமர்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்.

கால்மணி நேரத்தில் இனிப்பாய் ஒரு வாசம் வந்தது. வார்னிஷ் வாசத்திலேயே பிறந்து வளர்ந்த மூக்குகள் எங்களுடையவை. நாங்கள் அடுத்த வாய் எடுத்தோம். தாங்கள் மட்டும் எழுந்தீர்கள். "இது நம்ம வாசம் இல்ல" என்றீர்கள். நடைபாதைக்குப் போய், கதவுக் கண்ணாடி வழியே வெண்புகையைப் பார்த்து, கதவைத் தொடாமல், வெளியே இருந்த சுவிட்சை அணைத்தீர்கள். சாப்பாட்டுப் பாத்திரமும் கையுமாக எங்களைத் தெருவுக்கு ஓட்டினீர்கள். தீயணைப்பு நிலையத்தை அழைத்தீர்கள். அதை அடுத்த வார்னிஷ் அறையில் பதினேழு டப்பா தின்னர் இருக்கிறது என்பதை மறவாமல் சொன்னீர்கள்.

அப்போதுதான் ராக்கெட் அண்ணன் உள்ளே ஓடப் பார்த்தார். பேட்டரியை எடுத்து வெளியே வீசிவிடலாம் என்று எண்ணியதாகப் பின்னர் சொன்னார். தாங்கள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பற்றினீர்கள்.

"கதவு எரிஞ்சா இன்னொண்ணு செஞ்சுக்கலாம். உன் மூஞ்சிய எந்தப் பட்டறையில செய்வாங்க? நில்லு."

உள்ளே மூன்று முறை ஏதோ வெடித்தது. நாங்கள் எட்டுப் பேரும், அச்சம் அறியாத அதே எட்டுப் பேரும், எதிர்வீட்டுச் சுவரோடு சுவராக நின்றோம். தீயணைப்பு வீரர்கள் முடித்துவிட்டு அழைத்தபோது போய்ப் பார்த்தோம். ஒரு சார்ஜர் உருகியிருந்தது. ஆள் உயரத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. ஒரு வரிசை டைல்ஸ் வெடித்திருந்தது. அவ்வளவே. ஒரு முழ இடைவெளியில் இருந்த அடுத்த சார்ஜர், ஒன்றுமே நடவாததுபோல் நின்றுகொண்டிருந்தது. பழைய மேசையடி மரத்தூள் எங்கள் அனைவர் நினைவுக்கும் ஒரே நேரத்தில் வந்தது.

விசாரணை நடந்தது. விழுந்த பேட்டரி பொட்டில்லாமல் சார்ஜருக்கு எப்படிப் போனது என்று முதலாளி கேட்டார். அது என் அறை என்று மட்டும் தாங்கள் சொன்னீர்கள். சிவப்புப் பொட்டு வைக்கத் தவறிய கவனக்குறைவுக்காக என்று மெமோ வந்தது. வாசித்தீர்கள், கையொப்பமிட்டீர்கள். இருபத்தோராம் ஆண்டில் தங்களுக்குக் கிடைத்த முதல் மெமோ அது; அதுவே அந்தப் பதினான்காம் தாள். தாங்கள் பொட்டு வைக்கத் தவறியிருக்க மாட்டீர்கள் என்று எங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஒருவருக்கு மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே தெரியும். அவர் அன்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வார்னிஷ் மாமா பின்வாசலில் ஒன்றைக் கண்டார். மணல் பெட்டியில் பேட்டரி வடிவில் ஒரு பள்ளம் இருந்தது. தாங்கள் குனிந்து அதைச் சற்றுநேரம் பார்த்தீர்கள். பிறகு உள்ளங்கையால் மணலைத் தடவிச் சமன்செய்துவிட்டு உள்ளே போனீர்கள். இதை மாமா எங்களுக்குச் சொன்னது போன மாதம்தான். சொன்னபோது ராக்கெட் அண்ணனும் இருந்தார்.

தங்களுக்கு இதுவரை தெரியாத செய்தி இனி வருவது. சென்ற திங்கட்கிழமை அவர் முதலாளி அறைக்குப் போனார். கதவைத் தட்டினார், கதவு மாட்டத் தெரிந்த அவர் கதவைத் தட்டி நாங்கள் கண்டது அதுவே முதன்முறை.

"பொட்டு இருந்துச்சு சார். நான்தான் அழிச்சேன்."

இரண்டு வருடம் ஏன் சொல்லவில்லை என்று முதலாளி கேட்டிருக்கிறார். அதற்கு அவர் சொன்ன பதிலை, அவர் இசைவோடு, ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறோம்.

"அக்கா என்னைக் கேக்கவே இல்ல சார். கேட்டிருந்தா அன்னிக்கே ஒரு பொய் சொல்லியிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும்."

பதினான்காம் தாள் இப்போது தங்கள் கோப்பில் இல்லை. அதற்கு ஈடான தாள் அவர் கோப்பில், அவர் கையாலேயே எழுதப்பட்டு இருக்கிறது; கையெழுத்து மோசம், பொருள் தெளிவு. அன்று வாய் திறக்காத குற்றத்துக்காக, கேட்காமலேயே, மற்ற எழுவரும் அதன்கீழ் ஒப்பமிட்டிருக்கிறோம். ஓடும் ரம்பத்துக்கு அஞ்சாதவர்கள் எனத் தொடக்கத்தில் சொன்னது முற்றிலும் உண்மை. ஒரு மெமோவுக்கு அஞ்சினோம் என்பதை அங்கே சேர்க்க மறந்துவிட்டோம்.

அக்கா, தங்கள் கோப்பு வெள்ளையாக இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தாங்கள் வீட்டுக்குப் போகலாம்.

இனி வரும் தங்கள் காலைகள் எந்த அவசரமும் இல்லாமல் விடியட்டும். மூட்டுகள் எண்ணெயிட்ட கீல்போல் ஓசையின்றி இயங்கட்டும். கண்ணொளி குறையாமல், கால் தளராமல், எங்கள் பேரப்பிள்ளைகள் இங்கே கதவு மாட்டும் காலத்திலும் தாங்கள் நடைபாதையில் வந்து நின்று மூக்கை உறிஞ்சி, சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போகும் அளவுக்கு நீண்டு வாழுங்கள். கைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் போடும் பழக்கம் தங்கள் மருமகனுக்கு உண்டெனக் கேள்வி. நாளை முதல் முழுநாளும் தங்கள் பார்வையில் இருக்கப்போகும் அவருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்.

என்றும் தங்கள் அன்பில்,
கதவுப் பட்டறைப் பணியாளர்கள்
எழுவர்

(அச்சான பின் கையால் எழுதிச் சேர்த்தது: விழா மேடைக்கு மரச்சட்டம் பூட்டிய நான்கு பேட்டரிகளும் சற்றுமுன் சூடாக வந்து சேர்ந்தன. எனவே எட்டாமவர் ராக்கெட் அண்ணன் கூட்டத்துக்கு வரவில்லை. சார்ஜ் அறையில், டைல்ஸ் திட்டின் எதிரே, முக்காலியில் அமர்ந்திருக்கிறார். மடலில் ஒப்பமிட அழைத்தோம். நான்காவதன்மேல் புறங்கையை வைத்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, நீங்கள் தொடங்குங்கள் என்றார். வாசலில் நின்ற எங்களில் யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒப்பமிட, கீழே இடம் விட்டிருக்கிறோம்.)