தடங்கலுக்கு வருந்துகிறோம்

பல்செட்டைக் கழுவும்போது வாஷ்பேசினில் முதலில் தண்ணீர் பிடித்துக்கொள்ள வேண்டும். கை வழுக்கினாலும் தண்ணீரில்தான் விழும், உடையாது. வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். பற்பசை கூடாது, கீறல் விழும். மூன்று வருஷமாக என் கணவரின் செட்டை நான்தான் கழுவினேன். ஒரு பல்கூட உடைந்ததில்லை. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், இன்ஸ்பெக்டர் அம்மா.

அவர் ரயில் நிலைய அறிவிப்பாளர். முப்பத்தைந்து வருஷம் மைக்கின் முன் உட்கார்ந்தவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், அறிவிப்பிலிருந்து அல்ல. விருந்தாளிகள் ஹாலில் இருக்கும்போது உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நாலு மணிக்கு வரவேண்டிய காபி, சமையலறையின் மெத்தனத்தால் இருபது நிமிடம் தாமதமாக வரும்." நல்ல குரல். தெருமுனை வரை கேட்கும்.

பிறந்த வீட்டில் என்னைப் பாப்பா என்பார்கள். கல்யாணமான புதிதில் அவரும் அப்படித்தான் கூப்பிட்டார். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. பத்தாவது வருஷம் என் தங்கையின் மாமியார் வீட்டார் முன்னால் அதையும் அறிவித்தார்: "இந்த வண்டி காலியாகவே செல்லும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குத்தான் பல் எல்லாம் இருக்கிறதே. அதற்குப் பிறகு நான் 'இந்தா' ஆனேன்.

அவருக்கு ஈறு கெட்டுப்போனது. மிச்சமிருந்த பதினோரு பல்லையும் எடுத்தார்கள். புண் ஆறி ஈறு படிய மூன்று மாதம் ஆகும் என்றார் பல் டாக்டர். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எங்கள் வீட்டில் நிஜமாகவே போனது. வாயைத் திறந்தால் பாதி காற்று. வெட்கப்பட்டு மூடிக்கொண்டார்.

முதல் வாரம் ஹாலில் ஏதோ சத்தம் கேட்டது. எலியோ என்று தேடினேன். சுவர்க் கடிகாரம். கல்யாணப் பரிசாக வந்தது, அரை மணிக்கு ஒருதரம் அடிக்கும். நடுவில் டிக் டிக் என்றும் சொல்லும் என்பது எனக்குத் தெரியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன். சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அந்த மூன்று மாதமும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது பாடினேன். ஒருநாள் துடைப்பத்தோடு சுற்றிச் சுற்றி ஆடி, தலை கிறுகிறுத்து, மாவு டப்பாவின்மேல் உட்கார்ந்துவிட்டேன். டப்பா நசுங்கியது. அதற்கும் சிரித்தேன்.

பிறகு பல் தேர்ந்தெடுக்கப் போனோம். டாக்டர் ஒரு பட்டையை நீட்டினார். பழுப்பிலிருந்து வெள்ளை வரை வரிசையாகப் பல்.

"உங்க வயசுக்கு இந்த நாலாவது கலர் சரியா இருக்கும் சார்."

இவர் இருப்பதிலேயே வெள்ளையான பல்லை விரலால் தட்டினார்.

"அது போட்டா பொய்ப்பல்லுன்னு பார்த்ததும் தெரிஞ்சிடுமே."

"தெரியட்டுமே," என்றார் இவர், காற்றோடு.

"நீங்க சொல்லுங்கம்மா, எது நல்லாருக்கு?"

"இப்படியே நல்லாத்தான் இருக்கார்," என்றேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். வேடிக்கைக்காரி என்று நினைத்திருப்பார்.

செட்டை மாட்டிவிட்ட அன்று டாக்டர் சொன்னார்: "கொஞ்ச நாள் பேச்சு குழறும் சார். த, ந எல்லாம் பல்லு வேலை. சத்தம் போட்டுப் பேப்பர் படிங்க, சரியாயிடும். ப, ம பத்திக் கவலையே வேணாம், அது உதட்டு வேலை. பச்சைக் குழந்தை பல்லு முளைச்சா அம்மாங்குது?"

இவர் படித்தார். தலைப்பிலிருந்து காணாமல்போனோர் விளம்பரம் வரை படித்தார். மூன்று மாதத்து அறிவிப்புகளும் மொத்தமாக வந்து சேர்ந்தன. கடிகாரம் மறுபடி ஊமையாகிவிட்டது.

நகம் தேய்க்கும் அரம் என்னிடம் ஒன்று இருந்தது. மேல்செட் எதிலும் மாட்டியிருப்பதில்லை அம்மா. ஈரத்தில் அண்ணத்தோடு ஒட்டிப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். பின்விளிம்பில் கொஞ்சம் காற்று நுழைந்தால் பிடி விட்டுவிடும். தினம் காலையில் மூன்று இழுப்பு இழுத்தேன். நாலு இழுத்ததில்லை. ரோஜா நிறத்தில் தூள் விழும். ஊதிவிடுவேன்.

"ஏண்டி, ஒழுங்காக் கழுவினியா? ஆடுது," என்பார்.

"பளபளன்னு இருக்கே, பாருங்க," என்பேன்.

டாக்டரிடம் போவோம். "ஈறு வத்திப்போச்சு சார். வயசானா அப்படித்தான்," என்று உள்பக்கம் பூசிச் சரிசெய்து தருவார். நான் மறுநாள் ஆரம்பிப்பேன். அவர் பூச, நான் தேய்க்க, ஒரே கோலத்தில் இரண்டு பேர் கை வைத்த மாதிரி இரண்டு வருஷம் ஓட்டினோம். அப்படி ஒரு விளையாட்டை நான் சின்ன வயதில்கூட விளையாடியதில்லை.

போன வருஷம் ரயில் நிலையத்தில் புதிதாக ஐந்தாவது நடைமேடை கட்டினார்கள். முதல் அறிவிப்பை இவர்தான் சொல்ல வேண்டும் என்று பழைய சகாக்கள் வீட்டுக்கே வந்து அழைத்தார்கள். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். அந்த வாரம் மட்டும் ஐந்து இழுப்பு. நாலு இழுத்ததில்லை என்று சொன்னது பொய்யல்ல, மூன்றிலிருந்து நேரே ஐந்துக்குப் போனேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. புதிய ஐந்தாவது நடை—"

செட் மைக்கின்மேல் விழுந்தது. டொக் என்ற சத்தம் ஐந்து நடைமேடைகளிலும் கேட்டது. ஜனங்கள் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். இவருடைய நாற்காலிக்கு இப்போது வந்திருக்கும் பெண் எட்டி மைக்கைப் பிடித்து, பழக்க தோஷத்தில், "தடங்கலுக்கு வருந்துகிறோம்," என்றாள்.

நான் ஒரு தூணைக் கட்டிக்கொண்டேன். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. பாவம் அழுகிறாள் என்று யாரோ தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்கள்.

அதோடு அவர் பேச்சை விட்டுவிட்டார். மெல்லுவதையும் விட்டார். கரைத்துக் கொடுத்ததைக் குடித்தார். பெல்ட்டில் புதிதாக மூன்று ஓட்டை போட வேண்டியிருந்தது.

"என்னக்கா, சார் பாதியாயிட்டாரே?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வாய்க்கு ஓய்வு குடுத்திருக்கார்," என்றேன்.

கடிகாரம் நாள் முழுக்கக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலை அவர் குளிக்கப் போனார். நான் வெளியே வாஷ்பேசினில் தண்ணீர் பிடித்துச் செட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். போட்டுக்கொள்ளாவிட்டாலும் தினம் கழுவுவேன், கடமை கடமைதான். உள்ளே தொம்மென்று சத்தம். பிறகு கூப்பிட்டார்.

நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். அதே பதில்தான். பல் இல்லாத வாய். என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

கதவு தாழ் போட்டிருக்கவில்லை. அவர் எப்போதும் போடுவதில்லை. ஆனால் என் கையில் செட் இருந்தது, பாதியில் விட்டால் அழுக்கு தங்கிவிடும். ஒவ்வொரு பல்லாக, உள்ளும் புறமும் தேய்த்தேன். மேலே பதினான்கு, கீழே பதினான்கு. கடிகாரம் ஒன்பது அடித்தது. ஒன்பதரைக்கு ஒருதரம். பிறகு பத்து. அதற்குள் வீடு அமைதியாகி, டிக் டிக் கேட்க ஆரம்பித்திருந்தது. வாஷ்பேசின் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

உள்ளே போனேன். அவர் முகம் ஒட்டிப்போய் இருந்தது. நாலு பேர் பார்க்க வருவார்கள் என்று, ஒட்டும் பசை தடவி செட்டை நானே மாட்டிவிட்டேன். கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. முதல் நாள் மாதிரியே சிரித்தார். மாட்டாமல் விட்டிருந்தால் ஆஸ்பத்திரியில் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்திருக்க மாட்டார்கள், அரத்தின் கோடும் தெரிந்திருக்காது. போகட்டும். இருபத்தெட்டு வெள்ளைப் பல்லும் இப்போது உங்கள் மேஜையில் இருக்கின்றன. உலர விடாதீர்கள், தண்ணீரில் போட்டு வையுங்கள்.

புரியவில்லை என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். சொல் தெளிவாகத்தான் கேட்டது. ஒன்பதரை வரை அதையேதான் சொன்னார். உதட்டு வேலைதானே, பல்லே வேண்டாம். "பாப்பா, பாப்பா," என்றார்.

யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும் அம்மா. எங்கள் வீட்டில்தான் பாப்பாவே கிடையாதே.