நீலப் பட்டுக் கவுன் திருடு போகவில்லை என்பது பற்றி

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்தாறு. கணவர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். நான் வீட்டைப் பார்த்துக்கொண்டு, முன்னறையில் மெஷின் போட்டு, பெண்களுக்கான உடுப்புகள் தைத்துக் கொடுக்கிறேன். தையல் யாரிடமும் படித்ததில்லை. பழைய உடுப்புகளைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எதையும் கணக்காகச் செய்கிறவள், கடவுளுக்குப் பயந்தவள் என்று தெருவில் பெயர் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருட்டுப் புகார் கொடுத்திருக்கும் அம்மா எங்கள் தெருமுனை மாடிவீட்டுக்காரர். "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லாமல் அவர் எந்த உடுப்பையும் வாங்கிக்கொண்டதில்லை. இன்னும் கொஞ்சம் பிடி, இன்னும் கொஞ்சம் விடு என்பார். என் கணவர் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டார். அவர் வருவது தெரிந்தால், "உன் இன்னும் கொஞ்சம் வருது, நான் பின்பக்கம் போறேன்" என்பார்.

இந்த நீலப் பட்டுக் கவுனை ஒரு விருந்துக்காக என்னிடம் தைக்கக் கொடுத்தார். முதலில் இடுப்பைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். அதன் பிறகு மூச்சு முட்டுகிறது, விடு என்றார், விட்டேன். அதன் பிறகு முன்பு பிடித்திருந்ததே அழகு என்றார். பட்டு அத்தனை ஊசியைத் தாங்காது. அதனால் அதைத் தொடாமல் இரண்டு நாள் ஆணியில் மாட்டி வைத்திருந்து, தேய்த்துக் கொண்டுபோய், தைத்துவிட்டேன் என்று கொடுத்தேன். கண்ணாடி முன் நின்று, "பாத்தியா, நான் சொல்ற மாதிரி செஞ்சா எப்படி நிக்குது!" என்றார். அன்று வீட்டுக்கு வந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அதன் பிறகு மறுபடியும் அதே இடுப்பு என்று திருப்பி அனுப்பினார். மறுபடியும் அப்படியே செய்யலாம் என்று நினைத்தேன். ஆனால் இந்த முறை பிரித்துத் தைத்த தடம் தெரிய வேண்டும் என்று, கை வைக்காத அந்தத் தையல் மேல் இஸ்திரிப்பெட்டியை அழுத்திப் பிடித்தேன். அதற்கு முன் பருத்தித் துணி தேய்த்திருந்தேன், சூட்டைக் குறைக்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. அப்போதே கொண்டுபோய்க் காட்டியிருந்தால் திட்டு வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். நான் அதைச் சுருட்டி, குளிருக்குப் போர்த்தும் கம்பளிகளுக்கு அடியில் வைத்தேன்.

அந்த அம்மா வீட்டில் தங்கி வேலை செய்யும் பெண்ணை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். மறுநாள் அவள் வந்து, தைத்து வைத்திருந்த திண்டு உறைகளை ஒரு பையில் வாங்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு அந்த அம்மா போன் செய்து, "என்னம்மா, கவுன் எங்க? விருந்து இருக்குன்னு சொன்னேனா இல்லையா?" என்றார். "உங்க வீட்டுப் பொண்ணுகிட்டயே கொடுத்தனுப்பிட்டேனே மேடம்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அந்த வீட்டில் எப்போதும் ஏதாவது காணாமல் போகும், பிறகு கிடைக்கும், அந்தக் கணக்கில் இதுவும் போய்விடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அந்தப் பெண் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். என் கணவரும் பக்கத்தில் நின்றார். "அக்கா, திண்டு உறைப் பை ஒண்ணுதான கொடுத்தீங்க? அந்தம்மா என்னைத் திருடிங்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா" என்றாள். "ரெண்டு பை கொடுத்ததாத்தான் எனக்கு ஞாபகம்" என்றேன். "நல்லா யோசிங்கக்கா, வேலை மும்முரத்துல மறந்திருப்பீங்க" என்றாள். நான் தப்பிக்க அவளே வழி விட்டுக் கொடுத்தாள். நான் அதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு இன்று காலை நூல் வாங்கப் போனபோது, அந்த வீட்டு வாசலில் போலீஸ்காரர்கள் அவளுடைய பெட்டியைத் தெருவில் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டுத் திரைச்சீலை தைத்து மிஞ்சின துண்டுகளை இணைத்து நான் அவளுக்குத் தைத்துக் கொடுத்த தலையணை உறை அதில் இருந்தது. "இது என் திரைச்சீலைத் துணிதான், இதுவும் திருட்டு" என்று அந்த அம்மா தனியாக எடுத்து வைத்தார். அக்கம்பக்கத்தார் பார்க்க அவளை வண்டியில் ஏற்றினார்கள். நான் மூலைக்கடை வரை போய், நூல் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

வீட்டில் சாமி முன்னால் உட்கார்ந்தேன். தினம் சொல்கிற பிரார்த்தனை பாதியில் நின்றுவிட்டது. பின்னால் வந்து நின்ற என் கணவர், "கொடுத்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றார். எழுந்து போய்க் கம்பளிக்கு அடியிலிருந்து கவுனை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். விரித்துப் பார்த்தார். "செருப்பை மாட்டு" என்றார். இருவரும் நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, கவுனை அதிகாரியிடம் ஒப்படைத்தோம்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது, பயத்தால் பொய் சொன்னேன் என்று ஓரிடத்தில் இருந்தது. அதை மாற்றி எழுதச் சொன்னேன். போனில் சொன்னது பயத்தால். வாசலில் சொன்னது பயத்தால் அல்ல. என் கணவர் முன்னால் பொய்க்காரியாக நிற்கக் கூடாது என்பதற்காக. அதற்கு அவளைத் திருடியாக நிற்க வைத்தேன்.

அந்தப் பெண்ணையும் அழைத்து உட்கார வைத்துத்தான் படித்தார்கள். அதிகாரி அவளிடம், "நீ போகலாம்மா" என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. "இங்க நாலு சுவத்துக்குள்ள படிச்சா யாருக்கு சார் கேக்கும்? என் பெட்டியைக் கொட்டுன இடத்துல வந்து இவங்க வாயால சொல்லணும்" என்றாள். அப்படிச் செய்ய வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றார் அதிகாரி. சட்டம் வேண்டாம், நானே வருகிறேன் என்றேன். அந்த இடத்தில் நின்றால் எனக்குக் குரல் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் இந்தத் தாளை வைத்துப் படிக்க ஒரு நகல் கேட்டிருக்கிறேன்.

படித்துக் காட்டிய பின் சேர்த்ததும் உட்பட, இதில் உள்ளவை நான் சொன்னவை, நடந்தவை. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டதும் அவளோடு அந்த வாசலுக்குப் போகிறேன்.

(ஒப்பம்)