வியாழக்கிழமைக் கடிதங்கள்

மண்டி மொஹல்லா, மைசூர்
3-4-1997, வியாழன்

மரியாதைக்குரிய மாமிக்கு,

சுரேந்தர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இந்த வருடம் மைசூரில் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. நான் தங்கியிருக்கும் லாட்ஜுக்குக் கீழே மூட்டை இறக்குகிறவர்கள் காலையிலேயே தலையில் துண்டு போட்டுக்கொண்டார்கள். தபால்காரருக்காக நீங்கள் வாசலில் நிற்கும்போது குடை பிடித்துக்கொள்வது நல்லது. இன்று பதினொரு மணிக்கு அக்ரஹாரத்தில் உங்கள் வீட்டுக்கு எதிர்க்கடையில் நின்று பார்த்தேன். "அந்தமான் லெட்டர் பந்திதெயா?" என்று கன்னடத்தில் கேட்டீர்கள், கடிதம் வந்திருக்கிறதா என்று. தபால்காரர் கையை விரித்தார். நீங்கள் அவருடைய பையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

இனி அந்தமானிலிருந்து கடிதம் வராது. ஏன் என்பதை முறைப்படி எழுதுகிறேன்.

அர்ஜுனுக்குத் தமிழ் பேச வருமே தவிர எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். அவன் படித்தது கன்னடம். உங்களுக்குப் படிக்க வருவது தமிழ் மட்டும். நான் கர்நாடகத்து மார்டள்ளிக்காரன் என்றாலும் தமிழ்நாட்டுக் கொளத்தூரில் என் மாமா வீட்டில் தங்கி, பத்தாவது வரை தமிழில் படித்தவன். அதனால்தான் பூனாவில் நாங்கள் ஒரே அறையில் இருந்த இரண்டு வருடமும் அவனுடைய கடிதங்களை நான் எழுதினேன். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. அது கடிதக் கிழமை ஆயிற்று. அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக நீங்கள் நினைத்திருந்தீர்கள். அவன் ஒரு வரிகூடச் சொன்னதில்லை. மைசூர்ப் பையன்கள் வழக்கப்படி என்னைக் 'குரு' என்றுதான் கூப்பிடுவான். "குரு, நீயே ஏதாச்சும் எழுதிப் போடுடா, அம்மாவுக்கு லெட்டர் வந்தா ஆச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

உங்கள் முழங்கால் வலிக்கு நொச்சி இலை வைத்துக் கட்டச் சொன்னது நான். போன வருடம் அவன் அப்பா கைலாசநாதன் மாமாவின் திவசத்துக்கு வர முடியாததற்கு மூன்று பக்கம் மன்னிப்புக் கேட்டு எழுதியதும் நான். அன்று அவன் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கடிதத்துக்கு நீங்கள் போட்ட பதில் என்னிடம் இருக்கிறது. "சிரஞ்சீவி அர்ஜுனுக்கு அநேக ஆசீர்வாதம். உன் மனசு இவ்வளவு மென்மை என்று எனக்கே தெரியாமல் போயிற்றே கண்ணா." கடைசியில், மடித்து ஒட்டும் இடத்தில், ஒரு வரி: "சுரேந்தரையும் கேட்டதாகச் சொல்லு." எல்லாக் கடிதத்திலும் அந்த ஒரு வரி உண்டு.

என் அம்மா மாரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கென்று கடிதம் எதுவும் வந்தது கிடையாது. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. விவரமாகச் சொல்கிறேன்.

டிசம்பரில் முதுகுப் பையோடு நாங்கள் அந்தமானுக்குக் கிளம்பியதும், தீவு தீவாக நடந்ததும் உங்களுக்குத் தெரிந்தவை. அவற்றில் பொய் இல்லை. எங்கே கூடாரம் போட்டோம், என்ன சமைத்தோம், எத்தனை மைல் நடந்தோம் என்று எல்லாம் சரியாகவே எழுதினேன். அறுபத்தெட்டு நாள் அப்படிப் போயிற்று. மார்ச் ஐந்தாம் தேதி ஊர் திரும்பக் கப்பல்.

பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய். கடைசித் தீவு. அங்கே ஒரு படகுத்துறை, ஒரு சின்ன தபால் ஆபீஸ், கருப்புசாமி என்கிற நம் ஆள் ஒருவர் வைத்திருக்கும் டீக்கடை, இவ்வளவுதான். நாங்கள் கூடாரம் போட்டது துறையிலிருந்து மூன்று மணி நேர நடையில். நடுவில் ஒரு கழி, கடல்நீர் உள்ளே புகுந்து கிடக்கும் ஓடை. கடல் வற்றும்போதுதான் அதைத் தாண்டலாம். அன்று சாயங்காலம், தபால் ஆபீஸில் வாங்கி வந்த உங்கள் கடிதத்தை அவனுக்குப் படித்துக்காட்டினேன். ஒரு இடத்தில் படிப்பதை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவன் சிரித்தான்.

"ஏன் குரு, அழறியா? அது எங்கம்மா எனக்கு எழுதினது."

"நான் எழுதினதுக்குப் பதில்தானே?" என்றேன்.

"ஓஹோ. ஊருக்குப் போனதும் அம்மாகிட்ட சொல்லிடறேன் இரு. அத்தனையும் இவன் கதைன்னு சொல்றேன். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பா. அப்புறம் நான் தினம் வீட்லதானே இருப்பேன், உன் லெட்டருக்கு என்ன வேலை?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பேச்சு முடிந்ததும் எனக்கு மீனில் முள்ளை எடுத்துவிட்டுக் கொடுத்தான். அப்படிப்பட்டவன் அவன்.

மறுநாள் காலை பாறைகளில் ஏறினான். வழுக்கி விழுந்து இடது கால், முழங்காலுக்குக் கீழே முறிந்தது. நான் தள்ளவில்லை. நான் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவனை இழுத்து நிழலில் கிடத்தினேன், குச்சி வைத்துக் கட்டினேன், இரண்டு தண்ணீர் பாட்டிலில் ஒன்றை வைத்துவிட்டு வந்தேன். "சீக்கிரம் வாடா" என்றான். கழுத்தில் அவனுடைய இரும்பு விசில் இருந்தது. ஊதிக் காட்டி, "இதைக் கேட்டுண்டே வா, வழி தப்பாது" என்று சிரிக்கப் பார்த்தான்.

துறைக்கு வந்தபோது மணி மூன்று. வியாழன் காலைப் படகில் தபால் போக வேண்டுமானால் புதன் நான்கு மணிக்குள் பெட்டியில் போட வேண்டும். முதலில் கடிதத்தை முடித்துவிட்டு ஆளைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அரை மணி நேரம்தானே. அதுவரை ஒரு வாரமும் தவறியதில்லை. தபால் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம் போல "நாங்கள் இருவரும் நலம்" என்று ஆரம்பித்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல கடிதம் அது. தாழம்பூ வாசனை வந்தது, உன் ஞாபகம் வந்தது என்றெல்லாம் எழுதியிருந்தேன். ஒட்டிப் பெட்டியில் போட்டேன்.

டீக்கடையில் கருப்புசாமி கேட்டார். "எங்க தம்பி அந்த நெட்டையன்? ஒத்தையா வந்திருக்கீங்க?"

அவரிடம் படகு இருந்தது. மகன்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு வார்த்தை போதும்.

"பின்னாடி வர்றான்ங்க," என்றேன்.

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று பலமுறை யோசித்துவிட்டேன். நலம் என்று எழுதிய கடிதம் பெட்டிக்குள் கிடந்தது. அவன் திரும்பி வந்தால் அதுதான் கடைசிக் கடிதம். நான் முடிவு எதுவும் எடுக்கவில்லை. டீ குடித்தேன்.

வியாழக்கிழமை நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை கழி வரை போனேன். தண்ணீர் வற்றியிருந்தது, தாண்டியிருக்கலாம். விசில் கேட்டது. மூன்று முறை ஊதுவான், நிறுத்துவான், பிறகு மூன்று. கரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் திரும்பினேன். சனிக்கிழமையும் கேட்டது, இடைவெளி அதிகம். ஞாயிற்றுக்கிழமை மாலை வரை உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை.

திங்கட்கிழமை தாண்டினேன். பாட்டிலில் தண்ணீர் நிறைத்துக்கொண்டு போனேன் மாமி. அதை ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. கூடாரத்திலிருந்து பாறைப் பக்கம் நாற்பது அடி தவழ்ந்து வந்திருந்தான், நான் போன திசையில். அங்கேயே புதைத்தேன். இரண்டு பூவரச மரங்களுக்கு நடுவில், தலை கிழக்கே. வரைபடம் தனியாக வைத்திருக்கிறேன். கருப்புசாமியிடம் அவன் வெள்ளைக்காரர்களோடு வேறு தீவுக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். நம்பினார்.

அதன் பிறகு நீங்கள் படித்த நான்கு கடிதங்களும் போர்ட் பிளேர் லாட்ஜில் எழுதியவை. பயணத்தை நீட்டிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே என்றெல்லாம் எழுதினேன். அந்த நாட்களில் அவன் முன்னைவிட நல்ல பிள்ளையாக இருந்தான். நீங்களே அப்படி எழுதினீர்கள். ஹம்ஸா மட்டும் சந்தேகப்பட்டிருக்கிறாள். "போலீஸில் சொல்லலாம் என்று உன் தங்கை குதிக்கிறாள். வாரம் தவறாமல் அண்ணன் கடிதம் வருகிறதே, பைத்தியமா உனக்கு என்று அதட்டினேன்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. தயவுசெய்து அந்தப் பெண்ணிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அது என் வேலை.

போன வாரம் வந்த கடிதத்தில் கேட்டிருந்தீர்கள்: "அடுத்த தடவை கன்னடத்தில் ஒரு வரி உன் கையால் எழுது. எனக்குப் படிக்க வராது. ஹம்ஸா படித்துக்காட்டுவாள். அவள் வாயை அடைக்க வேண்டும். எனக்கும் உன் எழுத்தைத் தடவிப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது."

அவனுடைய டைரி என்னிடம் இருக்கிறது. எழுத்தின் சாய்வு, சுழி எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு பிற்பகல் முழுவதும் எழுதிப் பார்த்தேன். சரியாகவே வந்தது. ஆனாலும் கிழித்துப் போட்டேன். அடுத்தவன் கையெழுத்தைப் போடுவது குற்றம் மாமி. அந்த அளவுக்கு நான் இறங்கவில்லை. மறுநாள் கப்பல் ஏறினேன்.

அர்ஜுனைக் கொன்றது நான். பாறை அல்ல, தாகம் அல்ல. மூன்று மணி நேர நடைத் தூரத்தில், காது கேட்கும் இடத்தில், உயிரோடு கிடந்தவனை நான்கு நாள் விட்டுவைத்தவன் நான். இதை உங்கள் வாசல் வழியே போட்டுவிட்டு, வரைபடம், டைரி, விசில் மூன்றையும் எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

உங்கள் கடிதங்களை மட்டும் அவர்களிடம் கொடுக்கப் போவதில்லை. இரண்டு வருடத்துப் பதில்கள், தேதி வாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அவை எனக்கு வந்தவை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நொச்சி இலையை விட்டுவிடாதீர்கள். ஜெயிலுக்கும் தபால் உண்டு என்கிறார்கள். எப்போது முடிகிறதோ அப்போது இரண்டு வரி போடுங்கள். இந்த முறை மேலேயே, என் பெயருக்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
சுரேந்தர்