ஏழு மைக்ரோவிநாடி

பழைய கணினி வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் விசிறியைப் பார்க்க வேண்டும். விசிறியில் ஒட்டியிருக்கும் தூசியை வைத்தே அது எந்த மாதிரி அலுவலகத்தில் இருந்தது, எத்தனை வருடம் உழைத்தது என்று நான் சொல்லிவிடுவேன். மெல்லிய சாம்பல் தூசி என்றால் யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்காத அலுவலகம். நீளமான முடி சுற்றியிருந்தால் வரவேற்பறை மேசைக்கு அடியில் கிடந்தது. பட்டறையில் எனக்குக் 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்று பெயர். முதலாளி கிண்டலுக்கு வைத்தது அது. நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் ஒரு மில்லிங் மெஷின். இரும்பைச் செதுக்குகிற சி.என்.சி. மெஷின். உடம்பு திடமாக இருந்தது, மூளை செத்துப்போயிருந்தது. அதாவது அதை இயக்குகிற கன்ட்ரோல் பெட்டி. புதுப் பெட்டிக்கு விற்பனையாளர் சொன்ன விலையைக் கேட்டு முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்கு சார் அதெல்லாம்? ஒரு சின்ன கம்ப்யூட்டர், உள்ள லினக்ஸ். போதும். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் விட்ட எல்லாப் பீலாக்களும் 'நான் பாத்துக்கறேன்' என்றுதான் முடிந்திருக்கின்றன.

அந்த மெஷினை ஓட்டுகிறவர் என் தங்கையின் கணவர். கல்யாணம் முடிந்த கையோடு அவரைப் பட்டறையில் சேர்த்துவிட்டதும் நான்தான். அதனால் அவர் எனக்கு இரண்டு பங்கு மரியாதை தர வேண்டியிருந்தது. அவர் மூன்று பங்கு தந்தார். மெஷின் முன்னால் நிற்கும்போது அதிகம் பேச மாட்டார். காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். வெட்டுகிற கத்தி மழுங்குவதைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். எனக்கு அது கொஞ்சம் எரிச்சல். கணினி செய்ய வேண்டிய வேலையை ஒரு காது செய்துவிட்டால் கம்ப்யூட்டர் டாக்டர் எதற்கு?

இந்த வேலைக்குச் சாதாரண லினக்ஸ் போதாது, ரியல்டைம் கெர்னல் வேண்டும். கெர்னல் என்பது கணினிக்குள் எந்த வேலைக்கு எப்போது முறை என்று தீர்மானிக்கிற பகுதி. சாதாரண கெர்னல் என்னைப் போல. "இதோ கிளம்பிட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டு அப்புறம்தான் குளிக்கப் போகும். ரியல்டைம் கெர்னல் சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்கும். மோட்டார் ஒவ்வொரு சின்ன அடி எடுத்து வைக்கவும் கணினியிலிருந்து ஒரு மின்துடிப்பு போக வேண்டும். வேகமாக ஓடும்போது ஒரு துடிப்பு தாமதமானால் மோட்டார் தடுமாறி நின்றுவிடும். நின்றது கணினிக்குத் தெரியாது. எங்கள் மோட்டார்கள் பதில் சொல்லத் தெரியாத மலிவு ரகம். போய்ச் சேர்ந்துவிட்டதாகவே கணினி நினைத்துக்கொண்டிருக்கும்.

எந்தக் கணினி நேரம் தவறும் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. அதுவரை நடந்ததிலேயே மோசமான தாமதம் எவ்வளவு என்று திரையில் ஒரு எண் காட்டும். மைக்ரோவிநாடிக் கணக்கு. ஒரு விநாடியைப் பத்து லட்சமாக நறுக்கினால் வருகிற ஒரு துண்டு. சோதனை ஓடும்போது கணினியைப் படாதபாடு படுத்த வேண்டும். வீடியோ ஓட்ட வேண்டும், பெரிய கோப்புகளை நகலெடுக்க வேண்டும், திரையில் எதையாவது பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள். சராசரிக்கு இங்கே மதிப்பே இல்லை. இரண்டு நாள் ஒழுங்காக இருந்துவிட்டு ஒரே ஒரு தடவை தவறினாலும் அந்தக் கணினி ஆகாது. இதைப் பட்டறையில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நான் வகுப்பெடுத்திருக்கிறேன்.

என்னிடம் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பெரிய பெட்டி. விசிறி கரகரவென்று கத்தும். இரண்டு நாள் சோதனையில் இருபத்தொன்று காட்டியது, அதற்கு மேல் ஏறவே இல்லை. வேலைக்கு அது தாராளம். இன்னொன்று உள்ளங்கை அளவுப் புதுப்பெட்டி. விசிறி கிடையாது, சத்தம் கிடையாது, விலையும் ஏறக்குறைய அதேதான். அரை மணி நேரத்தில் அது காட்டிய எண் ஏழு.

ஏழு. நான் உடனே படம் பிடித்து, எங்களைப் போன்ற ஆட்கள் கூடுகிற இணையக் குழுவில் போட்டேன். சாயங்காலத்துக்குள் அறுபத்திரண்டு பேர் பாராட்டியிருந்தார்கள். என் கல்யாணத்துக்குக்கூட அத்தனை பேர் மனதார வாழ்த்தியதில்லை. அந்தப் படத்தை அச்செடுத்து மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். முதலாளி அதை வாடிக்கையாளர்களிடம் காட்டினார். ஏழு என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மறுநாள் மதியம் எண் அறுநூற்று நாற்பதுக்குத் தாவியது.

சில பெட்டிகளில் இப்படி நடக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே இருக்கிற பலகை தன் சூட்டைத் தானே சோதித்துப் பார்க்க எல்லாவற்றையும் ஒரு கணம் நிறுத்திவிடும். கெர்னலைக் கேட்காது. நீங்கள் எவ்வளவு நல்ல கெர்னல் போட்டாலும் அதற்குத் தெரியவே தெரியாது. இதைப் பற்றியும் நான் வகுப்பெடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட பெட்டியை மெஷின் பக்கமே கொண்டு போகக்கூடாது என்றுதான் அந்த வகுப்பை முடிப்பேன்.

நான் சோதனையை மூடித் திறந்தேன். எண் மறுபடி ஏழாகிவிட்டது. அறுபத்திரண்டு பேரிடம் போய் வார்த்தையைத் திருப்பி வாங்குவதைவிட அது சுலபமாக இருந்தது. சின்னப் பெட்டியையே மெஷினில் மாட்டிவிட்டு, பெரிய பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளி அதன்மேல் கால் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் மாப்பிள்ளை வந்து நின்றார்.

"மச்சான், ஸ்க்ரீன்ல ஏதோ தாமதம் ஆயிடுச்சுன்னு எழுதி வருது."

"எத்தனை தடவை வந்துச்சு?"

"காலையில ஒரு தடவை. நேத்தும் ஒரு தடவை."

"ஒரு தடவைதானே. விடுங்க, அது அப்படித்தான் ஏதாவது உளறும்."

அந்த எச்சரிக்கை, மெஷினை ஒருமுறை இயக்கினால் ஒரே ஒருமுறைதான் வரும். அதன் பிறகு நூறு தடவை நேரம் தவறினாலும் அது வாயைத் திறக்காது. இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அன்றைக்கே, கணினி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிற அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த ஒரு தடவையும் வராதபடி செய்துவிட்டேன். அவர் நிம்மதியாக வேலை பார்க்கட்டும் என்றுதான் செய்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு பாகத்தில் பள்ளம் ஆழமாக விழுந்து வீணாகிவிட்டது. மாப்பிள்ளை அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல ஏறும்போது ஒரு மாதிரி முனகுச்சு மச்சான். அதுக்கப்புறம்தான் உயரம் மாறிப்போச்சு."

அவர் காது சரியாகத்தான் கேட்டிருந்தது. மோட்டார் தடுமாறி நின்ற சத்தம் அது. நான் வேறு ஒரு கேள்வி கேட்டேன், இரும்பை மெஷினோடு அசையாமல் பிடித்து வைக்கிற கிளாம்ப்பைப் பற்றி.

"நீங்க கிளாம்ப்ப சரியா இறுக்கினீங்களா?"

"இறுக்கினேன்னுதான் நினைக்கிறேன்" என்றார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு பாகத்தையும் மூன்று தடவை அளந்தார், கிளாம்ப்பை நான்கு தடவை தொட்டுப் பார்த்தார். என் வாழ்நாளில் எத்தனையோ ப்ரோக்ராம் எழுதியிருக்கிறேன். எதுவும் அந்த ஒற்றைக் கேள்வி அளவுக்குப் பிழையில்லாமல் ஓடியதில்லை.

விபத்து நடந்தது காலை வேளையில். ஒரு பள்ளத்தை வெட்டி முடித்ததும் கத்தி கிளாம்ப்புக்கு மேலே ஏறி, பக்கவாட்டில் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். ஏறும்போது பாதியில் மோட்டார் நின்றது. ஏறிவிட்டதாகக் கணினி நம்பியது. முழு வேகத்தில் பக்கவாட்டில் போகச் சொன்னது. கத்தி கிளாம்ப் போல்ட்டில் மோதிச் சிதறியது. மாப்பிள்ளை அந்த முனகலைக் கேட்டு, என்னவென்று பார்க்கக் குனிந்திருந்தார். அவர் அதைக் கேட்காமல் இருந்திருந்தால் குனிந்திருக்க மாட்டார். ஒரு துண்டு பாதுகாப்புக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு இடது கண்ணுக்குள் போனது.

ஆமாம், கண்ணாடி போட்டிருந்தார். அவர் எப்போதும் போட்டிருப்பார்.

முதலாளியின் காரில் அவரை ஏற்றினார்கள். காரில் எனக்கும் இடம் இருந்தது. நான் ஏறவில்லை. மெஷினுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்காக என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள், ஒருவர் என் தோளைத் தட்டித் தண்ணீர்கூடக் கொடுத்தார். எல்லோரும் போன பிறகு, நடந்ததையெல்லாம் கணினி தானாகக் குறித்து வைக்கிற பதிவேட்டை அழித்தேன். தரையில் அவருடைய கண்ணாடி கிடந்தது, இடது பக்கம் உடைந்து. அத்தனை பேரும் ரத்தத்தைப் பார்த்தார்களே தவிர அதைப் பார்க்கவில்லை. அதை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு நல்ல கண்ணாடியை எடுத்து, அவர் வழக்கமாகக் கண்ணாடியைத் தொங்கவிடுகிற ஆணியில் மாட்டினேன். பிறகு தரையைத் துடைத்தேன். எனக்கு எப்போதும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து விபத்து விசாரணைக்கு நீங்கள் முதல் தடவை வந்தீர்கள். ஆணியில் கண்ணாடி தொங்கியது. நீங்கள் பார்த்ததைத்தான் எழுதினீர்கள்: இயந்திரத்தை இயக்கியவர் பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை, கிளாம்ப் உயரத்தைக் கவனிக்கவில்லை. அந்த இரண்டு வரியால் அவருக்கு நஷ்டஈடு கிடையாது என்று ஆயிற்று, இனி எந்த மெஷினிலும் கை வைக்கக்கூடாது என்றும் ஆயிற்று. உங்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவரிடமும் கேட்டீர்கள். "போட்டிருந்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றார். கண்ணாடி ஆணியில் தொங்குவதை நீங்கள் எடுத்திருந்த படத்தைக் காட்டினீர்கள். அவர் ஒற்றைக் கண்ணால் அதை வெகுநேரம் பார்த்தார். "அப்ப மறந்துட்டேன் போல" என்றார்.

நீங்கள் போன பிறகு என் தங்கை அழுதுகொண்டே அவரைத் திட்டினாள். "கண்ணாடிய எடுத்து மாட்ட எவ்வளவு நேரமாகும்? அண்ணன் உங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்கு. அதுக்கு நீங்க பண்ணின கைம்மாறா இது?" நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். நான் சமாதானப்படுத்தினால் அவள் உடனே அடங்கிவிடுவாள், சின்ன வயதிலிருந்தே அப்படி. கட்டுப் போட்டிருந்த பக்கம் நான் நின்றதால் மாப்பிள்ளை என் கையைத் தடவித் தேடிப் பிடித்தார்.

"மன்னிச்சிருங்க மச்சான். உங்க மெஷினுக்கு நான் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேன்."

இன்றைக்கு நீங்கள் கணினி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அவர் பத்து நிமிடத்தில் அமைப்புக் கோப்பைத் திறந்துவிட்டார். எந்த மாற்றம் செய்தாலும் பக்கத்திலேயே தேதியும் காரணமும் குறித்து வைக்க வேண்டும் என்பது நான் எடுக்கிற இன்னொரு வகுப்பு. பதிவேட்டை அழித்தவன், கண்ணாடியை மாற்றியவன், தரையைத் துடைத்தவன், அந்தக் குறிப்பை மறந்துவிட்டேன். 'மாப்பிள்ளை பயப்படுகிறார். தாமத எச்சரிக்கை நிறுத்தப்பட்டது.' கீழே தேதி, என் பெயர். எழுத்துப்பிழைகூட இல்லை. உங்கள் ஆள் அதைச் சத்தமாகப் படித்தபோது, இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பு எழுதியிருக்கிறேனே என்று ஒரு கணம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உடைந்த கண்ணாடி இதோ, இந்தப் பையில் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அறுநூற்று நாற்பதைப் பார்த்துவிட்டு ஏழு என்று சொன்னேன். எச்சரிக்கையை நிறுத்தினேன். கிளாம்ப்பைப் பற்றிக் கேட்டேன். ஆணியில் வேறு கண்ணாடியை மாட்டினேன். எல்லாமே பொய் என்று தெரிந்து செய்தது, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் மன்னிப்புக் கேட்டபோது நான் சொன்னதை மட்டும் இந்தப் பொய்களோடு சேர்த்து எழுதாதீர்கள். "விடுங்க மாப்பிள்ளை, நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றேன். அதை மட்டும் நான் மனதாரத்தான் சொன்னேன்.